ஆறரை மீட்டர் கட்டத் துணி: வெள்ளத்தில் போன சமையலறைக் கதவுகளும் அந்த இடத்துக்கு வந்த திரைகளும்

மிக்ஜாம் புயல் கரையைக் கடந்தது 2023 டிசம்பர் 5 அன்று, ஆந்திராவில் பாபட்லா பக்கம். அதற்கு முந்தைய இரண்டு நாளும் அது சென்னைக்கு அருகில் கடலில் ஊர்ந்துகொண்டிருந்தது. அந்த இரண்டு நாள் மழை செய்த வேலையைப் பற்றித்தான் இந்த ஆய்வு. எங்களுடையது மடிப்பாக்கத்தில் தரைத்தள வாடகை வீடு. பள்ளிக்கரணை சதுப்பு நிலத்துக்குப் போய்ச் சேர வேண்டிய தண்ணீர் எங்கள் தெருவிலேயே தங்கி, வாசற்படி ஏறி, முழங்காலுக்குச் சற்றுக் கீழே வரை வீட்டுக்குள் நின்றது. வடிய மூன்றாம் நாள் ஆயிற்று.

மெத்தை, சோபா, வாஷிங் மெஷின் என்று போனவற்றின் பட்டியல் அந்தப் பக்கம் குடியிருந்த எல்லோருக்கும் மனப்பாடம். அதை விட்டுவிடுகிறேன். சமையல் மேடைக்குக் கீழே இருந்த ஐந்து திறப்புகளுக்கும் படுக்கையறைச் சுவர் அலமாரிக்கும் கதவு இல்லாமல் போனது, அங்கே துணித் திரை போட்டது, அதில் எது நின்றது, எது நிற்கவில்லை என்பதை மட்டும் எழுதுகிறேன். பார்க்க அழகாக இருக்கும் என்று நினைத்துத் தொடங்கிய வேலை இல்லை இது. அழகு பின்னால் ஓரளவு வந்து சேர்ந்தது.

வீட்டின் நிலை

மேடை பழைய பாணி. மேலே கிரானைட், கீழே அதைத் தாங்க நிற்கவைத்த கடப்பா கற்கள். கல்லுக்கும் கல்லுக்கும் இடையே திறப்பு. சிங்க்குக்குக் கீழே 34 அங்குலம், பாத்திரம் வைக்கும் இரண்டு திறப்புகள் தலா 30, மூலையில் 26, சிலிண்டருக்கு 20. மேடைக் கல்லின் அடிப்பக்கத்திலிருந்து தரை வரை 31 அங்குலம். சிங்க், சிலிண்டர் தவிர மற்றவற்றில் நடுவே ஒரு கடப்பா தட்டு உண்டு. அது முன்விளிம்பிலிருந்து 3 அங்குலம் உள்ளே தள்ளியிருந்தது. கட்டிய கொத்தனார் எதற்காக அப்படி வைத்தாரோ, பின்னால் எங்களுக்கு அது பெரிய உதவியாயிற்று.

இந்தத் திறப்புகளுக்கு முன்னால் வீட்டு ஓனர் சில வருடங்களுக்கு முன் மரச் சட்டம் அடித்து, பளபளப்பான சிவப்பு லேமினேட் கதவுகள் போட்டு, மாடுலர் கிச்சன் என்று வாடகையையும் ஏற்றியிருந்தார். தண்ணீர் வடிந்த நான்காம் நாள் அந்தக் கதவுகளின் கீழ்ப்பகுதி டீயில் முக்கிய ரஸ்க் மாதிரி உப்பி நின்றது. லேமினேட் மட்டும் அப்படியே இருக்க, உள்ளே இருந்தது பொரிந்து இரண்டு மடங்கு தடிமனாகிவிட்டது. சிங்க் பக்கத்துக் கதவைத் திறக்கப்போனேன். கீல் திருகோடு ஒரு பிடி மரத்தூள் கையில் வந்தது.

அது பார்ட்டிக்கிள் போர்டு. மரச்சில்லையும் தூளையும் பிசினோடு சேர்த்து அழுத்திச் செய்த பலகை. மேலும் கீழும் லேமினேட் காப்பாற்றும். ஆனால் அறுத்த விளிம்பு ஒரு பட்டையை நம்பி நிற்கிறது. அந்தப் பட்டை எங்காவது விட்டால் தண்ணீர் உள்ளே போகும், சில்லு ஊதும், ஊதினால் திரும்பச் சுருங்காது. வெயிலில் ஒரு வாரம் வைத்துப் பார்த்தோம். காய்ந்தது; உருவம் திரும்பவில்லை. மரச் சட்டமும் கீழே மக்கிவிட்டது. கடப்பா கல்லுக்கு எதுவும் ஆகவில்லை. ஒரு வாளி பிளீச்சிங் பவுடர் தண்ணீர் ஊற்றித் தேய்த்ததும் பழையபடி கறுப்பாகிவிட்டது.

கார்பென்டர் வந்து தட்டிப் பார்த்துவிட்டு, “மேடம், இத மறுபடி எதுவும் பண்ண முடியாது. கழட்டிடலாம்” என்றார். புதிதாகப் போட இரண்டு கணக்குக் கொடுத்தார். ஐ.எஸ். 710 முத்திரை போட்ட பி.டபிள்யூ.பி., அதாவது கொதிநீரையும் தாங்கும் பிளைவுட்டில் சட்டமும் கதவும் என்றால் 38,000 ரூபாய். பி.வி.சி. கதவு என்றால் 21,000. கடைகளில் எம்.ஆர். என்று விற்கிற சாதாரண பிளை இன்னும் மலிவு. ஆனால் அது ஈரப்பதத்தைத் தாங்குமே ஒழிய நிற்கும் தண்ணீரைத் தாங்காது. அதை அவரே வேண்டாம் என்றார்.

ஓனர் பாதி தருவதாகச் சொன்னார். 11 மாத ஒப்பந்தத்தில் குடியிருக்கிறவர்கள், அடுத்த டிசம்பரில் மறுபடி தண்ணீர் வராது என்று யாரும் சொல்ல முடியாத தெருவில், இன்னொருவர் வீட்டுச் சுவரில் 19,000 ரூபாயை அடிப்பதா? பி.வி.சி. தண்ணீரில் ஊறாதுதான். ஆனால் அதைத் தாங்கும் சட்டமும் கீலும் திருகும் ஊறும், துருப்பிடிக்கும். இரண்டு நாள் யோசித்தோம். அந்த இரண்டு நாளும் திறப்புகள் வாயைப் பிளந்துகொண்டு நின்றன.

அத்தை சொன்னது

என் அத்தைக்கு, அதாவது மாமியாருக்கு, ஊர் சென்னிமலை. பிறந்ததிலிருந்து தறிச் சத்தத்தில் வளர்ந்தவர். வெள்ளச் சேதத்தைப் பார்க்க வந்தவர், சமையலறை வாசலில் நின்று ஒரு பார்வை பார்த்தார்.

“ஏங்கண்ணு, இதுக்குப் போயி எதுக்குக் கதவு? எங்கூட்டுல பூராத் துணிதான தொங்குச்சு. தண்ணி வந்தா அவுத்துப் போட்டுக்கலாம், போனா மாட்டிக்கலாம்.”

எனக்கும் நினைவிருந்தது. மாடுலர் என்ற சொல் நம் வீடுகளுக்குள் வருவதற்கு முன்னால், மேடைக்குக் கீழே துணித் திரைதான். இரண்டு பக்கமும் கொக்கி அடித்து, பிளாஸ்டிக் உறை போட்ட ஸ்பிரிங் கம்பியை இழுத்து மாட்டி, மிச்சம் விழுந்த ஸ்கிரீன் துணியோ பழைய புடவையோ தொங்கும். அதற்குப் பின்னால் ஸ்டவ் துடைக்கிற துணியிலிருந்து தேங்காய் மூட்டை வரை எல்லாம் ஒளிந்திருக்கும். விருந்தாளி வரும்போது திரையை இழுத்துவிட்டால் சமையலறை ஒழுங்காகிவிடும். பிரிட்டனிலும் பிரான்சிலும் நாட்டுப்புற வீடுகளில் சிங்க்குக்குக் கீழே இப்படித் துணி தொங்கவிடும் வழக்கம் உண்டு. இப்போது அது ‘ஸிங்க் ஸ்கர்ட்’ என்ற பெயரில், வெள்ளைப் பூ போட்ட துணியாக, படங்களில் சுற்றி வருகிறது. அந்தப் படங்களைப் பார்த்திருந்தால் நான் வெள்ளைத் துணிதான் வாங்கியிருப்பேன். மஞ்சள் தூள் புழங்குகிற சமையலறைக்கு அது எத்தனை நாள் தாங்கும் என்பதை உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை.

முதலில் ஒரு பழைய காட்டன் புடவையைக் கிழித்து, ஊக்கு குத்தி, மாதிரி பார்த்தோம். நிறமும் விழுகிற விதமும் நன்றாக இருந்தது. ஆனால் நைந்த துணி. டியூப்லைட் வெளிச்சத்தில் பின்னால் இருக்கிற குக்கர், குடம் எல்லாம் நிழலாகத் தெரிந்தது. கொஞ்சம் கெட்டியாக வேண்டும், ஆனால் மெத்தைவிரிப்பு அளவுக்குத் தடிப்பும் கூடாது. மழைக்காலத்தில் துவைத்தால் அது இரண்டு நாள் ஆனாலும் காயாது. பாலியெஸ்டர் கலந்த ஸ்கிரீன் துணி சீக்கிரம் காயும், சாயமும் போகாது. ஆனால் எண்ணெய்ப் பிசுக்கைப் பிடித்து வைத்துக்கொள்ளும், தீ பட்டால் உருகித் தோலோடு ஒட்டும். அடுப்பு இருக்கிற அறைக்கு அது வேண்டாம் என்று தீர்மானித்தேன். பருத்தியும் எரியும்தான். அதைப் பற்றிப் பிறகு.

கடைசியில் சென்னிமலைக் கைத்தறி, 48 அங்குல அகலம், அடர்நீலமும் செங்கல் நிறமும் கலந்த பெரிய கட்டம். மீட்டர் 190 ரூபாய். அத்தையே ஊருக்குப் போய் வாங்கி அனுப்பினார். கட்டம் எடுத்ததற்கு ஒரு காரணம் உண்டு. கட்டத்துக்குத் தலை, கால் கிடையாது. துணியை எந்தப் பக்கம் திருப்பித் தைத்தாலும் ஒன்றுதான். அந்த வசதி தைக்கும்போது உதவியது.

துணியைப் படுக்கப் போட்டுத் தைப்பது

திரை சுருக்கத்தோடு விழ வேண்டுமென்றால் திறப்பின் அகலத்தைப்போல் ஒன்றரை முதல் இரண்டு மடங்கு துணி வேண்டும். ஒன்றரைக்குக் குறைந்தால் துண்டு காயப்போட்ட மாதிரி இருக்கும். நாங்கள் ஒன்றே முக்கால் வைத்தோம். ஐந்து திறப்பும் சேர்ந்து 140 அங்குலம். ஒன்றே முக்காலால் பெருக்கினால் 245 அங்குலம், அதாவது 6.2 மீட்டர் துணி.

வழக்கம்போல் துணியின் நீளம் மேலிருந்து கீழாக வரும்படி தைத்தால், 48 அங்குல அகலத் துண்டுகளை ஒன்றோடொன்று இணைக்க வேண்டும். சிங்க்குக்கு மட்டும் 60 அங்குலம் வேண்டும். அங்கேயே ஒரு ஒட்டுத் தையல். அத்தை துணியைப் படுக்கப் போடச் சொன்னார். துணியின் நீளம் சுவரோடு போகட்டும். அகலம் மேலிருந்து கீழே தொங்கட்டும். ஒட்டே வேண்டாம். துணியின் நெய்த கரை அடியில் வரும், அது பிரியாது. இன்னொன்றும் சொன்னார். தறியில் நீளவாட்டில் இழுத்துக் கட்டிய பாவு நூல் துவைத்ததும் அதிகம் சுருங்கும். குறுக்கே ஓடும் ஊடை நூல் அவ்வளவு சுருங்காது. படுக்கப் போட்டால் சுருக்கம் திரையின் அகலவாட்டில் போய்விடும், உயரம் அதிகம் குறையாது. அகலத்தில்தான் மடங்கு மடங்காகத் துணி இருக்கிறதே, போனால் போகட்டும்.

தெருமுனைத் தையல்காரர் ஒப்புக்கொள்ளவில்லை. “அக்கா, துணியப் படுக்கப் போட்டுத் தெக்கச் சொல்றீங்க. தொங்கல் சரியா வராதுக்கா, வெறப்பா நிக்கும்.”

அத்தை விடவில்லை. “ரெண்டரையடி துணிக்கு என்னப்பா தொங்கல் வேண்டிக் கெடக்குது? கரை கீழ வர்றாப்புல தெச்சுக் குடு, சாமி.”

அவர் சொன்னதிலும் உண்மை இருந்தது. ஆளுயர ஜன்னல் திரையை இப்படித் தைத்தால் விறைப்பாகத்தான் நிற்கும். 29 அங்குலத்தில் அது தெரியவில்லை.

உயரக் கணக்கு இது: மேடை அடியிலிருந்து தரைக்கு 31 அங்குலம். தரையிலிருந்து 2 அங்குலம் தூக்கி நிறுத்தினால் 29. மாப் போடும்போது துணி நனையாமல் இருக்கவும், கரப்பான் மருந்து வைக்கும்போது குனிந்து பார்க்கவும் அந்த 2 அங்குலம். மேலே ராடு நுழைய 3 அங்குலம். கீழே 4 அங்குல உள்மடிப்பு. பள்ளிக்கூடப் பாவாடைக்கு அடுத்த வருடத்தை நினைத்து விடுவோமே, அந்த மாதிரி. மொத்தம் 36. துணியை வெட்டுவதற்கு முன்னால் ஒரு இரவு ஊறவைத்து அலசிக் காயவைத்ததில் 48 அங்குலம் 47 ஆகியிருந்தது. 36 போக 11 அங்குலப் பட்டை மிச்சம். அதிலிருந்து திரையை ஒதுக்கிக் கட்ட நாடாக்களும், அடுப்பிலிருந்து பாத்திரம் இறக்கும் கைப்பிடித் துணிகளும் வந்தன. சாயம் போகாமல் இருக்க உப்புத் தண்ணீரில் ஊறவைக்கச் சொன்னார்கள். போட்டுப் பார்த்தேன், நீலம் போக வேண்டிய அளவுக்குப் போனது. முதல் மூன்று அலசலைத் தனியாகச் செய்தால் போதும், உப்பைச் சமையலுக்கு வைத்துக்கொள்ளலாம்.

இரண்டு செட் தைத்தோம். இதைத் தவிர்க்கவே முடியாது. ஒரே செட் இருந்தால் துவைக்கிற அன்று அலமாரி திறந்து கிடக்கும்; அதனாலேயே துவைப்பதைத் தள்ளிப்போடுவோம். மூன்று மாதத்தில் அது பிசுக்குத் துணியாகிவிடும். சுருக்கத்துக்கும் சேர்த்து செட்டுக்கு ஆறரை மீட்டர், 13 மீட்டருக்கு 2,470 ரூபாய். திறப்புக்கு இரண்டு துண்டு வீதம் 20 துண்டு, தையல் கூலி 800. ராடு, மூடி, பசை எல்லாம் சேர்ந்து 950. ஆக 4,220. அரசு ரேஷன் கடையில் கொடுத்த 6,000 ரூபாய் வெள்ள நிவாரணத்தில் இது அடங்கிப்போய், மிச்சத்தில் அரிசிக்கு மூடி போட்ட ஸ்டீல் டிரம்மும் வந்தது.

ராடு விழுந்த இரவு

கடப்பாவில் துளை போட எனக்குத் தைரியம் இல்லை. விளிம்புக்குப் பக்கத்தில் டிரில் வைத்தால் தகடு தகடாக உரிந்து வருவதைப் பார்த்திருக்கிறேன். ஸ்பிரிங் கம்பிக்கும் கொக்கி வேண்டும். அதோடு 30 அங்குலத்துக்கு மேல் போனால் கம்பி நடுவில் தொய்ந்து, திரை சிரிக்கிற வாய் மாதிரி வளையும். அதனால் டென்ஷன் ராடு வாங்கினோம். உள்ளே ஸ்பிரிங் வைத்த குழாய். திருகி நீட்டினால் இரண்டு பக்கக் கல்லையும் அழுத்திப் பிடித்துக்கொண்டு நிற்கும். துளை வேண்டாம், ஆணி வேண்டாம். அரை மணி நேரத்தில் ஐந்தையும் மாட்டிவிட்டு, கொஞ்ச நேரம் நின்று ரசித்தோம்.

மறுநாள் இரவு பதினொரு மணிக்கு சமையலறையில் தடாலென்று சத்தம். அத்தை பூனை என்றார், என் கணவர் எலி என்றார். போய்ப் பார்த்தால் சிங்க்குக்கான ராடு துணியோடு கீழே கிடக்கிறது. காலையில் மூலை ராடும் விழுந்தது. மெருகேற்றிய கடப்பா, அதன்மேல் வருடக் கணக்கில் படிந்த எண்ணெய்ப் படலம், போதாதற்கு மழைக்கால ஈரம். ராடின் ரப்பர் முனை வழுக்குகிறது. இறுக்கித் திருகினால் சில நாள் நிற்கும், திரையை இழுத்து இழுத்து மூடுகிறபோது மறுபடி நகரும். அதற்கும் மேலே இறுக்கினால் நிற்கவைத்த கல் அசைந்துவிடுமோ என்ற பயம் வேறு.

தீர்வு பிளம்பர் கொடுத்தது. வேறு வேலைக்கு வந்தவர் பையிலிருந்து முக்கால் அங்குல பி.வி.சி. குழாயின் முனை மூடி ஒன்றை எடுத்துக் காட்டினார். கல்லை சோப்புப் போட்டுத் தேய்த்து, காயவைத்து, உப்புத்தாளால் சொரசொரப்பாக்கி, அந்த மூடியை எம்-சீல் வைத்து ஒட்டினோம். ஒரு நாள் விட்டு ராடின் முனையை மூடிக்குள் உட்கார வைத்தோம். ராடு வெறும் அழுத்தத்தை நம்பி நிற்காமல், கிண்ணத்தில் உட்கார்ந்திருக்கிறது. பத்து மூடி. அதற்குப் பிறகு ஒன்றுகூட விழவில்லை. தூக்கி எடுக்க வேண்டுமானால் ஒரு திருகு, வந்துவிடும்.

மூடிகளைக் கல்லின் முன்விளிம்பிலிருந்து ஒரு அங்குலம் உள்ளே தள்ளி ஒட்டினோம். மேடைக் கல்லின் மூக்கு அதற்கும் முன்னால் 2 அங்குலம் நீட்டிக்கொண்டிருக்கிறது. சாம்பார் வழிந்தாலும் பால் பொங்கினாலும் திரைக்கு வெளியேதான் சொட்டும். நடுத்தட்டு 3 அங்குலம் உள்ளே இருந்ததால் துணி அதில் இடிக்காமல் விழுந்தது. நடுத்தட்டு விளிம்போடு நேராக இருக்கிற வீடுகளில் ராடைக் கல்லுக்கு முன்பக்கம் கொண்டுவர வேண்டும்; அங்கே இந்த வழி உதவாது.

சிலிண்டரும் அரிசியும்

சிலிண்டருக்கும் திரை தைத்தோம். இரண்டு வாரம் தொங்கியது. பிறகு நானே கழற்றிவிட்டேன். ஓர் இரவு படுக்கப்போகும்போது ரெகுலேட்டரை அணைத்தோமா என்ற சந்தேகம். எழுந்து போய்த் திரையை விலக்கிப் பார்க்க வேண்டியிருந்தது. கதவு இருந்தபோதும் அப்படித்தான், ஆனால் கதவு எரிவாயுவை அடைத்து வைக்கும் என்ற பயத்தில் அதன் அடியில் ஓட்டைகள் இருந்தன. சமையல் எரிவாயு காற்றைவிடக் கனமானது. கசிந்தால் தரையோடு தங்கும். துணி அதை அடைக்காது, அது நல்லதுதான். ஆனால் ரப்பர் குழாயும் ரெகுலேட்டரும் ஒரு பார்வையில் தெரிய வேண்டிய இடத்தில் எரியக்கூடிய துணியைத் தொங்கவிடுவதற்கு எனக்கு ஒரு காரணமும் அகப்படவில்லை. சிலிண்டர் இப்போது வெளிப்படையாக நிற்கிறது. ஓனர் வந்தபோது, “அதையும் மூடியிருந்தா பாக்க நல்லாருக்குமே” என்றார். அதற்கு முன்னால், திரைகளைப் பார்த்துவிட்டு “என்னம்மா, மெஸ் மாதிரி இருக்கு” என்றவரும் அவர்தான்.

எலிக்குத் திரை ஒரு பொருட்டே இல்லை. கதவு இருந்தபோது வராமலா இருந்தது என்றால் அப்போதும் பெருச்சாளி ஒன்று சாக்கடை வழியாக வந்துபோனது. ஆனாலும் கதவு கொஞ்சமாவது தடுத்தது. அதனால் அரிசி, பருப்பு, கோதுமை எல்லாம் மூடியுள்ள டிரம், டின்களுக்குப் போயின. கீழே இருப்பது இரும்பு, எவர்சில்வர், மண் பாத்திரங்கள் மட்டும். பினாயில், கழிவறை ஆசிட் போன்றவற்றை மேல் அலமாரிக்கு ஏற்றினோம். மாடி வீட்டுக் குழந்தைக்கு அப்போது ஒன்றரை வயது. அது தவழ்ந்து வந்து திரைக்குள் தலையை விட்டு “பே” என்று விளையாடும். கதவென்றால் ஒரு பூட்டுக் கொக்கி போடலாம், துணிக்கு என்ன போடுவது?

கரப்பான் குறைந்தது என்பது நாங்கள் எதிர்பாராதது. முன்பு சிங்க் கதவைத் திறந்தால் நாலு ஓடும். காற்றும் வெளிச்சமும் உள்ளே போகத் தொடங்கியதும் அந்த இடம் காய்ந்து கிடக்கிறது. அவற்றுக்கு அது பிடிக்கவில்லை என்று நினைக்கிறேன். இன்னொன்று, ஏப்ரலில் சிங்க் திரையின் ஒரு பக்கம் மட்டும் அடியில் கையகலத்துக்கு நிறம் கறுத்திருந்தது. தொட்டால் ஈரம். யாரோ மாப் போடும்போது நனைத்துவிட்டார்கள் என்று விட்டுவிட்டேன். மறுநாளும் அதே இடம், அதே ஈரம். விலக்கிப் பார்த்தால் கழிவுக் குழாய் சிங்க்கோடு சேரும் இடத்தில் வாஷர் நைந்து, சொட்டுச் சொட்டாகக் குழாய் வழியே இறங்கித் தரையில் ஓடி வந்திருக்கிறது. தரையோரம் நின்ற பழைய துணிமூட்டை அதை உறிஞ்ச, அதன்மேல் சாய்ந்திருந்த திரை அதிலிருந்து உறிஞ்சியிருக்கிறது. கதவு இருந்த காலத்தில் இந்த மாதிரி ஒழுக்கு எத்தனை மாதம் ஓடியதோ. பார்ட்டிக்கிள் போர்டு வெள்ளத்துக்கு முன்பே பாதி ஊறியிருந்தால் நான் ஆச்சரியப்பட மாட்டேன்.

சிங்க் திரைக்குத்தான் உழைப்பு அதிகம். பாத்திரம் தேய்க்கிறவரின் ஈரக் கை, ஈரப் புடவை எல்லாம் அதில் உரசும். மற்றவற்றை மாதம் ஒருமுறை மாற்றினால் போதும், இதை வாராவாரம் மாற்ற வேண்டும். முதல் மழைக்காலத்தில் அதன் உட்புறம் கறுப்புப் புள்ளி புள்ளியாகப் பூஞ்சை பிடித்தது. வெயிலில் போட்டும் அந்தப் புள்ளிகள் முழுக்கப் போகவில்லை. இப்போது இரவில் இரண்டு துண்டையும் ஓரத்துக்கு ஒதுக்கி நாடாவால் கட்டிவிடுகிறோம். மூடி வைத்தால்தானே பூஞ்சை.

படுக்கையறையில் தோற்றது

சமையலறை சரியாக அமைந்த தெம்பில் படுக்கையறைச் சுவர் அலமாரிக்கும் கை வைத்தோம். அகலம் 5 அடி, உயரம் 7 அடி. அதன் பிளைவுட் கதவுகள் கீழே ஒன்றரை அடி வரை ஏடு ஏடாகப் பிரிந்திருந்தன. கழற்றிவிட்டு முழு உயரத்துக்குத் திரை போட்டோம். அது சரிவரவில்லை.

முதலில் ராடு. 5 அடி நீளத்துக்கு அத்தனை துணியைச் சுமக்க முடியாமல் நடுவில் வளைந்தது. நடுவே ஒரு தாங்கி வைத்தால் திரை அந்த இடத்தைத் தாண்டி நகராது. அடுத்து மின்விசிறி. வேகம் நாலில் வைத்தால் திரை பாய்மரம் மாதிரி புடைக்கும். எல்லாவற்றையும்விட மோசம் தூசி. சமையலறைப் பாத்திரத்தை எடுக்கும்போது கழுவிக்கொள்கிறோம். பட்டுப்புடவையை அப்படிக் கழுவ முடியுமா? இரண்டே மாதத்தில் மடிப்பின் மேல்விளிம்பில் தூசிக் கோடு. ஒரு நாள் புடவைக்குள்ளிருந்து பல்லி விழுந்தது. அன்றோடு அத்தையே, “இது வேண்டாங்கண்ணு, கதவே போட்ரலாம்” என்றுவிட்டார்.

ஆனால் புதுக் கதவு போடவில்லை. கழற்றிய பழைய கதவுகள் மொட்டைமாடியில் கிடந்தன. மேலே ஐந்தடிக்கு நல்ல பலகை, கீழேதான் கெட்டது. கார்பென்டரைக் கூப்பிட்டுக் கெட்ட பகுதியை அறுத்தெறியச் சொன்னோம். கதவு 5 அடி உயரமாயிற்று. அறுத்த விளிம்புக்கு பிசின் தடவி, மேலே மாட்டினார். அந்த உயரத்தில் பட்டு, வெள்ளி, பத்திரங்கள். கீழே மிச்சமிருந்த 2 அடிக்குக் குட்டித் திரை. அங்கே போர்வை, பை, பழைய செய்தித்தாள். கீல் மாற்றியதோடு சேர்த்துக் கூலி 1,500.

குட்டித் திரையும் விசிறிக் காற்றில் ஆடியது. அதற்கு அத்தையின் சில்லறை டப்பாவிலிருந்து மருந்து கிடைத்தது: 25 பைசா. 2011 ஜூன் 30 முதல் செல்லாக் காசு. துருப்பிடிக்காத எஃகு என்பதால் துவைத்தாலும் கறை விடாது. அடி மடிப்புக்குள் சாண் இடைவெளியில் ஒவ்வொன்றாக வைத்துத் தைத்துவிட்டார். இப்போது திரை நிற்கிறது. இழுத்தால் ஓரத்தில் மெல்லச் சத்தம் வருகிறது.

சமையலறையின் மேல் அலமாரிகளுக்கு வெள்ளம் எட்டவில்லை, கதவுகள் நன்றாகவே இருந்தன. ஒரே மாதிரி இருக்கட்டும் என்று அங்கேயும் துணி போடச் சிலர் சொன்னார்கள். அடுப்புக்கு மேலே தாளிப்புப் புகையும் எண்ணெய் ஆவியும் நேராகப் போய் ஒட்டும் இடம் அது. அங்கே துணி போடுவது சரியில்லை. தவிர, தீக்குப் பக்கத்தில் துணி என்றால் அடுப்புக்குக் கீழே கல்லுக்கு அடியில் இருப்பது வேறு, சுடருக்கு மேலே தொங்குவது வேறு.

2024 அக்டோபர்

அந்த வருடம் அக்டோபர் நடுவில் வானிலை மையம் சென்னைக்கு எச்சரிக்கை விட்டதும், முந்தைய வருடம் பட்டவர்கள் கார்களைக் கொண்டுபோய் வேளச்சேரி மேம்பாலத்தில் வரிசையாக நிறுத்தினார்கள். எங்களுக்குக் கார் இல்லை. அத்தை சமையலறைக்குப் போய் ராடுகளைத் திருகித் துணியோடு உருவினார். நான் படுக்கையறைக் குட்டித் திரையை எடுத்தேன். கீழ்த்தட்டுப் பாத்திரங்களை அப்படியே விட்டோம், எவர்சில்வருக்கு என்ன ஆகப்போகிறது. போர்வையும் பையும் கட்டிலுக்கு ஏறின. எல்லாம் சேர்த்துப் பத்து நிமிடம்கூட ஆகியிருக்காது.

இரவில் வாசலைத் தாண்டி நாலு விரல் தண்ணீர் சமையலறைத் தரைக்கு வந்தது. விடியும்போது இறங்கிவிட்டது. கடப்பா கல்லைக் கழுவி, நாள் முழுக்க விசிறி போட்டுக் காயவைத்து, மறுநாள் காலையில் இரண்டாவது செட்டை மாட்டினோம். பி.வி.சி. மூடிகள் பத்தும் ஒட்டிய இடத்திலேயே இருந்தன.

முந்தின நாள் மாலை எங்களைத் திண்டாட வைத்தது சிலிண்டர்தான். அதைத் தூக்கி மேடைமேல் வைக்க, தெருவில் ஆள் தேடிக்கொண்டு அலைந்தோம்.